சாவி யார் கைக்கு

காரின் பானெட்டின் மேல் முதலில் இடது உள்ளங்கையைத்தான் வைப்பார். வலது கை பதினாறு வருஷம் ஸ்பேனர் பிடித்துத் தடித்துப்போன கை, அதற்குச் சூடும் தெரியாது சொரணையும் கிடையாது என்பது அவர் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணும் வரை அந்தக் கையை எடுக்க மாட்டார். வண்டியை விற்கிறவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

“காலைல சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் சார். உங்களுக்காகத்தான், ரெடியா இருக்கட்டும்னு.”

“எனக்காகவா? எனக்கு ஆறின வண்டிதாங்க புடிக்கும்.”

தோளில் தொங்கும் பையிலிருந்து மடக்கு ஸ்டூலை எடுப்பார், விரிப்பார், உட்கார்ந்துவிடுவார். “ஆறட்டும்.” அதற்கப்புறம் ஒரு பேச்சு இருக்காது. விற்கிறவர் டீ வேண்டுமா என்பார், வெயில் என்பார், தனக்கு வேலை இருக்கிறது என்பார். இவர் அசைய மாட்டார். ஒரு தடவை மூன்று மணி நேரம் இவர் அப்படி உட்கார்ந்திருக்க, விற்கிற வீட்டாரே மனசு கேட்காமல் குடை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். எதிரில் எல்லாரும் ‘சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மோப்பக்காரர். அது அவருக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பாரே, அதற்கு வந்த பெயர். கருகல் வாசனை என்றால் ஆயில் மாற்றி யுகம் ஆகிவிட்டது. பெட்ரோல் வாசனை என்றால் எரியாத பெட்ரோல் கீழே வழிகிறது. லேசாக இனிப்பு வாசனை அடித்தால் அவர் முகம் மாறிவிடும். இஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“ஏன் சார், ஆறின வண்டிக்கு அப்படி என்ன விசேஷம்?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. ஸ்டூலைக் கேட்டவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“காலைல எழுந்த உடனே நாம என்ன சொல்றோம்? முட்டி வலிக்குது, முதுகு புடிச்சுக்கிச்சு, எல்லாத்தையும் கக்கிடுவோம். பத்து மணிக்கு மேல யாராவது கேட்டா, எனக்கென்ன, நல்லா இருக்கேன்னு சொல்லுவோம். இஞ்சினும் அப்படித்தாங்க. சூடானா வழவழன்னு ஓடும், எதையும் காட்டிக்காது.”

இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஒருவர் கார் வாங்குவது அவருக்குப் பொறுக்காது. வண்டி ஆறுகிற நேரத்தில் பாடம் நடக்கும். அவருடைய மார்பும் வாயும்தான் கரும்பலகை. முதலில் மூச்சை இழுப்பார்: “இது காத்தும் பெட்ரோலும் உள்ள போறது.” வாயை மூடிக் கன்னத்தை உப்பவைப்பார்: “இது அமுக்கறது.” நெஞ்சில் ஒரு குத்து விட்டுக்கொள்வார்: “இது ஸ்பார்க் ப்ளக் பொறி வெச்சதும் வெடிக்கறது. வண்டிய ஓட்டற வேல இது ஒண்ணுதான்.” கடைசியாக ஊஃப் என்று ஊதுவார்: “இது புகை வெளிய போறது. இழு, அமுக்கு, வெடி, ஊது. இந்த நாலுல ஒண்ணு தப்பினா வண்டி நொண்டும். அவ்வளவுதாங்க இஞ்சின். இதுக்குப் போய் பயப்படுவாங்களா?” ஒரு பாட்டி வயசு அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, பின்னால் வந்த நீலப் புகையைப் பார்த்து, “அப்ப இது ஆயிலும் சேந்து எரியுதுங்களா?” என்று தானாகவே கேட்டாராம். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

புகை, சத்தம், மிதி, எதையும் விட மாட்டார். பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது. மீட்டரில் ஓட்டம் குறைவாகக் காட்டி, கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் வழுவழு என்று தேய்ந்திருந்தால் மீட்டரை ஒரு பார்வை, விற்கிறவரை ஒரு பார்வை பார்ப்பார். எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. நன்றாக ஆறின வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, அப்படியே ஸ்டார்ட் செய்யச் சொல்வார். உள்ளே தண்ணீர் அமைதியாக இருந்தால் சரி. குபுகுபு என்று குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால், இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் என்கிற தகடு போய்விட்டது, வெடிக்கிற புகை தண்ணீருக்குள் நுழைகிறது. சூடான வண்டியில் அந்த மூடியைத் தொடவே முடியாது. திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். அதனால்தான் ஆறட்டும், ஆறட்டும் என்கிற ஜபம்.

பார்த்து முடித்தபின் வாயைத் திறந்து நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல மாட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருத்தரிடம் பட்டென்று சொல்லப்போய், அவர் ஜாக்கி லிவரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்தினார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. சாவி இவர் கையில் இருக்கும். வண்டி தேறினால் வாங்க வந்தவர் கையில் கொடுப்பார். தேறாவிட்டால் விற்கிறவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டூலை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். அதற்கு மேல் கேள்வி இல்லை, விளக்கம் இல்லை. விளக்கமெல்லாம் பஸ் ஸ்டாப்பில்.

ஆமாம், பஸ் ஸ்டாப்தான். அவரிடம் கார் கிடையாது. இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் மனைவி பதினோரு கார்களைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். பதினோரு சாவியையும் விற்றவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்த மகானுபாவர். “ஊருக்கெல்லாம் கார் பாத்துக் குடுக்கறாரு. நான் பஸ்ல கம்பியப் புடிச்சிட்டுத் தொங்கறேன்” என்று அந்த அம்மாள் சொல்லாத ஆளில்லை. “என்ன பண்றது, எந்த வண்டில உக்காந்தாலும் எனக்கு ஏதோ ஒண்ணு கேக்குது” என்று இவர் பரிதாபமாகச் சொல்வார்.

இன்னொன்று, அந்த வெள்ளைச் சட்டை. வண்டி பார்க்கப் போகும்போது முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, சலவை மடிப்போடு. வண்டிக்கு அடியில் குனிவார், எட்டிப் பார்ப்பார், ஒரு பொட்டு கிரீஸ் படாது. முன்பு பட்டறையில் இஞ்சின் பிரித்துப் போடும் மெக்கானிக்காக இருந்தவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்தார், மறுபடி தொடவில்லை. “பாக்கற கை வேற, கழட்டற கை வேற. ரெண்டும் ஒரே கையா இருந்தா, வயித்துக்காக இல்லாத ரிப்பேரெல்லாம் கண்ணுக்குத் தெரியும்” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடியும் ஒரு ஃபேன் பெல்ட்கூட மாட்டிக் கொடுத்ததில்லை. அந்தக் கோபத்தில் அவர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் திரிகிறார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குப் போன மாதம் ஒரு நர்ஸ் போன் செய்தார். படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கு வீடு போய்க் கவனிக்கிறவர். ஊசி போட வேண்டும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், நேரம் தப்பக் கூடாது. ஒரு கார் அமைந்திருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். “திரைச்சீலை தெக்கற கடை ஒண்ணு இருக்குல்ல சார், அதுக்குப் பின்னாடி வீடு.”

“சிஸ்டர், அது என் மச்சான் வீடு. என் சம்சாரத்தோட கூடப் பொறந்த தம்பி. நீங்க வேற ஆள வெச்சுப் பாத்துக்குங்க.”

“உங்கள மாதிரி பாக்கறவங்க வேற யாரு சார் இருக்காங்க?”

“மார்க்கெட் பக்கம் ஒருத்தர் இருக்காரு.” இழுத்தார். “நல்ல மனுஷன். மூக்குதான் கெடையாது.”

நர்ஸ் சிரித்துவிட்டார். “மச்சான்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அது போதும் சார். நீங்களே வாங்க. வண்டி நடு ரோட்ல நின்னுச்சுன்னா எனக்காகக் காத்துக் கெடக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்.”

விஷயம் வீட்டில் தெரிந்தபோது மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “தம்பி அந்த வண்டிய வித்துட்டு கடைக்கு ஒரு வேன் வாங்கணும்னு அலையறான். நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டு வாங்க.”

“முடிச்சுக் குடுக்க நான் யாரு? பாக்கத்தானே போறேன்.”

“நீங்க பாத்த லட்சணம் தெரியாதா எனக்கு?” என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். பழைய கதைதான், ஆனால் ஆறாத கதை. மாமனார் ஆசை ஆசையாக ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்த, உறவுக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று மெச்ச, இவர் போய் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, கடைசி முழத்தில் இருந்த சேற்றுக் கறையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். “இது தண்ணில முழுகின வண்டி மாமா.” உண்மைதான். அந்த வண்டி நாலே மாதத்தில் படுத்தது. ஆனால் மாமனார் ஒன்றரை வருஷம் மகளோடுகூடப் பேசவில்லை. பேச ஆரம்பித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

“அப்பாவ ஒரு வழியா சமாதானம் பண்ணியாச்சு. இப்ப தம்பியும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லங்க.” மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினார். இவர் சட்டையை வாங்கி ஹேங்கரில் மாட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒன்பது மணி. மச்சான் வாசலில் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். நர்ஸ் முன்னாலேயே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாமா” என்று மச்சான் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

இவர் இடது உள்ளங்கையை பானெட்டின் மேல் வைத்தார். ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டார். கொதித்தது.

“கழுவிட்டு கொஞ்சம் ஓட்டினேன் மாமா. பிரேக்ல தண்ணி நிக்குமில்ல, காயட்டும்னு.”

அக்கா வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மாமா விடுகிற பீற்றல்களையெல்லாம் உம் கொட்டிக் கேட்டவன் அவன். சூடான இஞ்சின் எதையும் காட்டிக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியும், சூடான ரேடியேட்டரைத் திறக்க முடியாது என்பதும் தெரியும். இவர் ஆயில் கம்பியை உருவினார். புத்தம் புது ஆயில், தேன் நிறம், வாசனையே இல்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்ததுபோல் பளபளத்தது. யாரும் தேய்க்காத இடம் அது; ஆயிலில் தண்ணீர் கலந்தால் வெள்ளையாக ஆடை படிகிறது அங்கேதான். அடப்பாவி, நான் சொல்லிக் கொடுத்த பரீட்சையில் என்னிடமே காப்பி அடிக்கிறானே என்று அவருக்கு ஒரு கணம் சிரிப்புகூட வந்தது.

மடக்கு ஸ்டூலை எடுத்து விரித்தார். “ஆறட்டும்.”

“மாமா, எனக்கே இப்படியா?”

“எல்லாருக்கும் இப்படித்தான்டா.”

மச்சான் உள்ளே போனான், வெளியே வந்தான். கடையைத் திறக்க வேண்டும் என்றான். தாராளமாகத் திற என்றார். அரை மணி ஆயிற்று. நர்ஸ் ஒரு பேஷண்ட் வீட்டுக்குப் போன் செய்து, பதினோரு மணி ஊசியை நேரத்துக்குப் போட வந்துவிடுவேன் என்று சொன்னார். அதைக் கேட்டதும் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் அவனும் ஒரு போன் செய்தான். யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை. முக்கால் மணியில் அக்கா பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

வந்தவர் புருஷனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பானெட்டின் மேல் தானும் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷரோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது போதும். தம்பியிடம், “காலைல எவ்ளோ நேரம்டா ஓட்டின?” என்றார். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மாள் நர்ஸுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் கால் வலிக்கு எந்தத் தைலம் தேவலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு இவர் எழுந்து மறுபடி உள்ளங்கையை வைத்தார். பத்து எண்ணி முடித்தார். ரேடியேட்டர் மூடியின் மேல் துணியைப் போட்டு, மெல்லத் திருப்பி, திறந்து வைத்தார்.

“ஸ்டார்ட் பண்ணு.”

மச்சான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்தது. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழ். இன்னொன்று. அப்புறம் விடாமல் குபுகுபு என்று கிளம்பியது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். தண்ணீர் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. நர்ஸ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். வெடிக்கிறது, தண்ணீருக்குள் ஊதுகிறது, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

“அணைச்சிடு. சாவியக் குடு.”

சாவி அவர் கைக்கு வந்தது. இந்த வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் நாலு மேடு ஏறினால் போதும், இஞ்சின் கொதித்து நடு ரோட்டில் நிற்கும். யாரோ ஒருவர் படுக்கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசனை வேறு இடத்தில் இருந்தது. மனைவி படியில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சாவி வேறு கைக்குப் போய்விடும் என்று பயம். பயம் என்று அவர் வாழ்க்கையில் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மச்சானிடம் போய் அவன் உள்ளங்கையைப் பிரித்து சாவியை வைத்தார்.

நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ரிப்பேர் பண்ணிட்டா இத வாங்கலாமா சார்? வண்டி எனக்குப் புடிச்சிருக்கு.”

“பண்ணினா நல்ல வண்டிதான். ஆனா பண்ணினப்புறம் நான் பாக்க மாட்டேன் சிஸ்டர்.” பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து ஒரு போன் நம்பர் எழுதினார். மார்க்கெட் பக்கத்து ஆளின் நம்பர். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. “இவர வெச்சுப் பாருங்க. மூக்கு கொஞ்சம் சுமார். ஆனா நேர்மையானவரு.”

“ஏன் சார், நீங்களே பாத்தா என்ன?”

அவர் காகிதத்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலை மடக்கினார். நர்ஸ் பேஷண்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை மச்சான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினபோது கண் கலங்கியிருந்தது. “பட்டறைல கேட்டேன் மாமா. இஞ்சின் தலையக் கழட்டணும், மூணு வாரம் ஆகும்னான். வேன் கைய விட்டுப் போயிடும். அதான்...”

“உன் மாமா பட்டறைல பதினாறு வருஷம் இருந்தது உனக்கு மறந்து போச்சாடா?” என்றார் இவர். “ஸ்பேனர் செட் வாங்கிட்டு வா. கேஸ்கெட் நம்பர் நான் எழுதித் தரேன்.”

மச்சான் நம்பாமல் அக்காவைப் பார்த்தான். அக்கா புருஷனைப் பார்த்தார். இவர் மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்தார், அப்புறம் கழுத்துப் பொத்தானை, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவற்றை. பனியனோடு நின்றுகொண்டு, மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டையைப் படியில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையில் கொடுத்தார்.